அளந்து பார்க்காமல் கேட்டவர்களுக்கு நன்றி

உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவர் இறந்தபின் சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் தனியாக இருக்கும் எனக்குத் துணையாக வந்தவர்களுக்கு இந்த மடல். பெயர் போட்டால் சிலர் கூச்சப்படுவீர்கள், அதனால் போடவில்லை.

எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது பழைய சந்தை மலாய்தான். துக்கத்தைச் சொல்லுமளவுக்கு அது எனக்கு வராது. அவரும் துருவிக் கேட்டதில்லை. மார்க்கெட் போகும்போது கதவைத் தட்டுவார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பல நாள் நான் முகம் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர், "சொந்த வீடு இருக்கு, சிபிஎஃப் சேமநிதிப் பணம் வருது, வேலைக்கு வந்து தொழிலாளர் விடுதியில கிடக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டபின் வாய் திறக்கவே வெட்கமாகிவிடும். எனக்கு இருப்பது ஒரு கஷ்டமே இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லாமல் சொல்லாமல் தனிமைதான் கூடியது.

புளோக்கின் கீழே இருக்கும் முதியோர் நிலையத்து ஊழியர் வேறு மாதிரி பேசினார். உலகில் 6 பேரில் ஒருவருக்குத் தனிமை இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னதை எடுத்துச் சொல்லி, "உங்களுக்கு மட்டும் வந்த விநோதம் இல்லை ஆன்ட்டி" என்றார். மற்றவர்களைப் பற்றிய பேச்சுதான் இதுவும். ஆனால் இது என் வாயை அடைக்கவில்லை.

ஓர் இரவு, இனி எதற்கு இருக்க வேண்டும் என்று தோன்றியபோது 1767ஐ அழைத்தேன். தற்கொலை எண்ணம் வந்து தவிப்பவர்களுக்குத் துணை நிற்கும், 1969 முதல் இயங்கும் எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அன்று பேசியவரே, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. நான் அழுது முடிக்கும்வரை அவசரப்படாமல் இருந்தீர்கள். நன்றி.

அப்புறம், வீரமாகாளியம்மன் கோயிலில் பார்த்த தம்பிக்கு. எல்லோரும் என்னை நினைத்துப் பார்க்கச் சொன்ன அந்த விடுதிப் பிள்ளைகளில் ஒருவர் நீங்கள். 2020இல் கோவிட் வந்து விடுதிகளை மூடியபோது மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தீர்கள். மகள் பிறந்ததைப் போனில்தான் பார்த்தீர்கள். இதையெல்லாம் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். "ராத்திரிதான் ரொம்பக் கஷ்டம், இல்லம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள். என் கதையைக் கேட்டீர்கள், உங்கள் கதையைச் சொன்னீர்கள், யாருடையது பெரிது என்ற பேச்சே வரவில்லை. என்னை ஆறுதல்படுத்தும் மருந்தாக உங்கள் துயரத்தை எடுத்து நீட்டியவர்களை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்காக.

ஊருக்கு டிக்கெட் போட்டதும் சொல்லுங்கள் தம்பி. பாப்பாவுக்குத் தேக்காவில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன். அளவு சரியா என்று உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஓர் அம்மா