அட்டையின் பின்பக்கத்துப் பெயர்களுக்கு

அன்புடையீர்,

இந்த மடல் போய்ச் சேர வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. சிலர் காலமாகிவிட்டார்கள். பலருடைய பெயர் எனக்கே தெரியாது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். முகவரி கிடைத்த பிறகுதான் நன்றி சொல்ல வேண்டும் என்றால் உலகத்தில் பாதி நன்றி சொல்லப்படாமலே போகும்.

'தி எக்ஸ்' என்ற டச்சு பங்க் குழு, அதாவது வேகமும் கோபமுமான ராக் இசை வாசிக்கும் நெதர்லாந்துக் குழு, 1979இல் தொடங்கியது. அந்த ஆண்டு கிளம்பிய பங்க் குழுக்களில் மிகப் பெரும்பாலானவை நாலைந்து வருடத்துக்குள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டன, அல்லது பெரிய கம்பெனியிடம் போய் இளைத்துப்போயின. இவர்கள் 2025இல் 'இஃப் யுவர் மிரர் பிரேக்ஸ்' என்று புதிய ஆல்பம் போட்டிருக்கிறார்கள். மேடையில் நின்றவர்களுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. நான் எழுதுவது வேன் ஓட்டியவர்களுக்கு, சூப் காய்ச்சியவர்களுக்கு, ஒலிப்பதிவுக் கருவி முன்னால் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு. இசைத்தட்டு அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பவர்களுக்கும், அங்கேகூட இடம்பெறாதவர்களுக்கும்.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விஷயம் புரியாது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடமேற்கே ஸான் ஆற்றங்கரையில் வோர்மர், வோர்மர்ஃபேர் என்று சிற்றூர்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் காற்றாலைகளை வைத்து மரம் அறுத்தும் எண்ணெய் ஆட்டியும் காகிதம் செய்தும் பிழைத்த பகுதி அது. பிற்பாடு பெரிய தொழிற்சாலைகள் வந்தன. அந்த வட்டாரத்துப் பையன்கள் சிலர், கூட ஆம்ஸ்டர்டாம் சகவாசம். சுவரில் சட்டென்று ஸ்ப்ரே அடித்துவிட்டு ஓடத் தோதாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை சின்னப் பெயரை வைத்தார்களாம். யார் எந்த வாத்தியம் என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 1980இல் வந்த முதல் ஆல்பமான 'டிஸ்டர்பிங் டொமஸ்டிக் பீஸ்' கேட்டால் குலுக்கல் கதையை நம்பத் தோன்றும். ஒரே வேகம், ஒரே கோபம், மூன்று பாட்டுக்கு மேல் எனக்குத் தலை வலிக்கும்.

ஆகவே முதல் நன்றி, அந்த ஆரம்ப நாள் கச்சேரிகளைப் பொறுமையாகக் கேட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னவர்களுக்கு. நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று நீங்கள் திருப்பி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது, காலி வீடுகளில் குடியேறிய கூட்டத்துக்கு. கிராக்கர்கள் என்று டச்சுக்காரர்கள் அழைத்த உங்களை எங்கள் பக்கத்தில் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. வீட்டு முதலாளி விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்த கட்டடம், வீடு கிடைக்காமல் அலையும் இளைஞர்கள். பூட்டை உடைத்து உள்ளே போய் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டுவிட்டால் அது குடியிருக்கும் இடம். அப்புறம் போலீஸ் நினைத்த மாத்திரத்தில் வெளியே தள்ள முடியாது. 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் பலம் அது. 1980 ஏப்ரல் 30 அன்று இளவரசி பேயாட்ரிக்ஸ் அரசியாகப் பதவியேற்ற நாளில், வீடில்லை என்றால் முடிசூட்டும் இல்லை என்று கத்திக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் போலீசோடு மோதியவர்களும் நீங்கள்தான். எக்ஸ் குழுவினர் உங்களில் ஒரு பகுதி. வாடகை என்ற பாரம் முதுகில் இல்லாததால்தான் அவர்களால் இசையிலேயே பொழுதைப் போட முடிந்தது. கலைஞன் பசியில் பிறக்கிறான் என்று யாராவது வசனம் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். தலைக்கு மேல் கூரையும், பக்கத்து அறையில் நள்ளிரவு டிரம்ஸ் சத்தத்தைச் சகித்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கும் இடத்தில்தான் பத்து வருடம் தாக்குப்பிடிக்கிற குழு உருவாகிறது. 2010இல் நெதர்லாந்து காலி வீட்டில் குடியேறுவதை முழுக்கக் குற்றமாக்கிவிட்டது. இன்றைக்கு வோர்மரில் நாலு பேர் குழு தொடங்கினால் ஒத்திகைக்கு எங்கே போவார்களோ.

ஃபான் கெல்டர் காகித ஆலைத் தொழிலாளர்களுக்கு என்ன சொல்வது? வோர்மர் ஆலை மூடப்பட்டபோது உங்களுக்கு வேலை போயிற்று. உங்கள் ஊர்ப் பையன்கள் அதை 1983இல் நான்கு சிங்கிள் தட்டுகள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டுகள்) கொண்ட ஒரு பெட்டியாகப் போட்டார்கள். 'டிக்னிட்டி ஆஃப் லேபர்' என்று பெயர். எட்டுப் பாட்டுக்கும் ஒரே தலைப்பு, எண் மட்டும்தான் வேறு. இயந்திரம் ஓடுவது போலவே சுழன்று சுழன்று வரும் இசை. உங்கள் துயரத்தை வைத்துப் பெயர் வாங்கினார்கள் என்று ஒருவர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வெறும் கோஷமாக இருந்த குழுவுக்கு, பார்த்துப் பேச ஒரு விஷயத்தைக் கொடுத்தது உங்கள் ஆலை. முதல் ஆல்பத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் மூன்றே வருடம். கேட்டால் வேறு ஆட்கள் வாசிப்பது போல இருக்கிறது.

டொல்ஃப் பிளான்டைட் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. காசில்லாத டச்சு பங்க் குழுக்கள் எத்தனையோ உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத்தான் வந்தன. அந்தக் கூடத்துக்கு 'யோக்கேயின் பசு வாடகை நிறுவனம்' என்று பெயர் வைத்தீர்களே, அதற்காகவே ஒரு மாலை போடலாம். எக்ஸின் கிதார் சத்தத்தில் உள்ள அந்தத் தகரக் கூர்மையை மழுக்காமல் நாடாவில் ஏற்றிய கை உங்களுடையது. 'டுமல்ட்' ஆல்பத்தைத் தயாரிக்க வந்த மீகான்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் ஜான் லாங்ஃபோர்டுக்கும், பி.பி.சி. வானொலியில் இவர்களை வாசிக்க வைத்த நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஜான் பீலுக்கும் நன்றி. பீலைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கூட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போகிறவர்கள் இசைக்கும் பங்க்குக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள். 1939இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தளபதி ஃபிராங்கோவை எதிர்த்தவர்களின் தோல்வியில் முடியும் நேரத்தில், எதிர்த்தவர்களில் ஒன்றான சி.என்.டி. என்ற அராஜகவாதத் தொழிற்சங்கத்தின் ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக அடைத்து நாட்டை விட்டுக் கடத்தினார்கள் சிலர். அவை இங்கிலாந்தில் போரைக் கழித்துவிட்டு ஆம்ஸ்டர்டாமில் உள்ள பன்னாட்டுச் சமூக வரலாற்று நிறுவனத்தில் வந்து தங்கின. ஃபிராங்கோவின் ஆட்சி முடியும்வரை அந்தப் பெட்டிகளை யாரோ காத்தார்கள். ஈரம் படாமல், கரையான் அரிக்காமல், எலி கடிக்காமல் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பழைய சிற்றிதழ்களை வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். 1986இல், அந்தப் போரின் தொடக்கத்தில் ஸ்பெயின் தொழிலாளர்களும் விவசாயிகளும் செய்த புரட்சி நடந்து 50 வருடம் ஆனபோது, எக்ஸ் குழு சி.என்.டி. ஆவணப் படங்களை வைத்து 144 பக்கப் புத்தகம் ஒன்று போட்டது. கூடவே இரண்டு சிங்கிள் தட்டுகள். டிராம் ஓட்டும் தொழிலாளர்கள், வயல்களைப் பொதுவில் உழும் விவசாயிகள், துப்பாக்கி ஏந்திய பெண்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டலாம். நான்கு பாட்டுக்கு 144 பக்கம் என்பது வியாபாரக் கணக்கில் சுத்தப் பைத்தியக்காரத்தனம். அச்சகத்தில் அந்தப் படங்களை அழகாகக் கொண்டு வந்த கைகளுக்கும், அதைத் தோளில் சுமந்து போய் விற்றவர்களுக்கும் என் வணக்கம்.

சந்தாதாரர்களே, உங்களை மறக்கவில்லை. 1991இல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு சிங்கிள்கள் வரும், முன்கூட்டியே பணம் கட்டுங்கள் என்று குழு கேட்டது. என்ன பாட்டு, யார் கூட வாசிக்கப்போகிறார்கள் என்று தெரியாமலே கட்டினீர்கள். குர்து இசைக்கலைஞரோடு ஒன்று வந்தது, வேறு திசையில் வேறு ஒன்று வந்தது. நம் ஊர்ச் சிற்றிதழ்கள் அடுத்த இதழ் வருமா வராதா என்ற நிலையிலும் சந்தா கட்டிய வாசகர்களால் பிழைத்த மாதிரி. வங்கியோ கம்பெனியோ கொடுக்காத துணிச்சலை அந்த முன்பணம் கொடுத்தது. விநியோகத்தைத் தூக்கிச் சுமந்த ஆம்ஸ்டர்டாம் கொன்குரன்ட் நிறுவனத்து ஆட்களும் இந்த நன்றியில் சேர்த்தி.

டாம் கோரா. இந்தப் பெயரை எழுதும்போதே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் செல்லோக் கலைஞர். நாட்டுப்புற இசையும் கட்டற்ற ஜாஸும் ஒரே வில்லில் வரும். 1991இல் எக்ஸோடு சேர்ந்து 'ஸ்கிராப்ளிங் அட் தி லாக்', 1993இல் இன்னொன்று. ஐயா, நீங்கள் வந்த பிறகுதான் இவர்கள் மற்றவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கக் கற்றார்கள் என்பது என் எண்ணம். அதற்கு முன்பு 1989இல் போட்ட 'ஜாகர்ஸ் அண்ட் ஸ்மாகர்ஸ்' இரட்டை ஆல்பத்தில் சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆட்கள் முதல் டச்சு ஜாஸ் ஊதுகுழல்காரர்கள் வரை விருந்தாளிகள் ஏராளம். ஆனால் அது எனக்குச் சந்தைக்கடை இரைச்சலாகத்தான் கேட்கிறது. உங்களோடு செய்ததில் இடைவெளி இருக்கிறது, மூச்சு இருக்கிறது. எக்ஸின் காதெரினா போர்னஃபெல்ட் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஒரு ஹங்கேரிய நாட்டுப்பாடலைப் பாட, அடியில் உங்கள் செல்லோ முனகுகிறதே, அதைக் கேட்டுவிட்டுப் பங்க் என்றால் கிதாரில் மூன்றே சுரக்கூட்டு வைத்துப் போடும் கூச்சல் என்று சொல்பவரோடு நான் வாதம் செய்வதில்லை. 1998இல், நாற்பதுகளில், போய்விட்டீர்கள்.

அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியும் 2024 மே மாதம் போய்விட்டார். 'ஸ்டார்ட்டர்ஸ் ஆல்டர்னேட்டர்ஸ்', 'டிஸ்ஸி ஸ்பெல்ஸ்', 'டர்ன்' மூன்றும் அவர் பதிவு செய்தவை. தட்டு விற்றால் வரும் பங்கை எந்தக் குழுவிடமும் வாங்காத மனிதர். பிளம்பர் மாதிரி, செய்த வேலைக்குக் கூலி போதும் என்பார். அந்த நியாயத்துக்கும் எக்ஸின் நியாயத்துக்கும் நன்றாக ஒத்துப்போனது.

எத்தியோப்பியாவுக்கு வருகிறேன். 2002இல் குழு அங்கே கச்சேரிப் பயணம் போனது. டச்சு பங்க் என்றால் என்னவென்று கேள்விப்பட்டே இராதவர்கள் முன்னால் வாசித்தது. மின்சாரம் ஏற்பாடு செய்தவர்களே, ஆம்ப்ளிஃபையரை வண்டியில் ஏற்றி இறக்கியவர்களே, வாசித்ததைக் கேட்டு முகம் சுளிக்காமல் தோள் குலுக்கி ஆடியவர்களே, உங்களுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது இந்தக் குழு. கேட்டாச்சு மெகுரியா உங்கள் நாட்டு சாக்சபோன் சிங்கம். போர்க்களத்தில் வீரர்கள் முழங்கும் ஷெலெலா என்ற பாட்டு முறையை ஐம்பதுகளிலேயே சாக்சபோனில் கொண்டு வந்தவர், மேடையில் சிங்கப் பிடரி அணிந்து நின்றவர். அவருடைய பழைய பதிவுகளை 'எத்தியோப்பிக்ஸ்' வரிசையில் உலகத்துக்குத் திரும்பக் கொடுத்த ஃபிரான்சிஸ் ஃபல்செட்டோவுக்கும் இங்கே நன்றி.

2004இல் தங்கள் 25ஆம் ஆண்டு விழாவுக்கு மெகுரியாவை ஆம்ஸ்டர்டாம் பாரடிசோ அரங்கத்துக்கு அழைத்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுபதை நெருங்கும் அந்த மூத்த கலைஞரே இவர்களைப் பார்த்து, என் அடுத்த ஆல்பத்துக்கு நீங்கள் பின்னால் வாசிக்க வேண்டும் என்று கேட்டார். 2006இல் 'மோவா அன்பெஸா' வந்தது. ஐரோப்பியக் குழுக்கள் ஆப்பிரிக்க இசையைத் தொட்டால் வழக்கமாக யாருடைய பெயர் பெரிதாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். இதில் அவர் முன்னால், இவர்கள் பின்னால். பின்னால் நிற்கும் பழக்கம் குழுவுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மேலே நான் நன்றி சொன்ன அத்தனை பேரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கும். மெகுரியா 2016இல் காலமானார்.

ஒலி மேசையில் உட்காரும் காலின் மெக்லீன், தேவைப்பட்டபோது பேஸ் கிதாரையும் எடுத்து வாசித்தவர். 2009இல் முதல் பாடகர் ஜி. டபிள்யூ. சொக் விலகிய இடத்தில் தயங்காமல் வந்து நின்ற ஃபிரீஸ்லாந்துக்காரர் ஆர்னால்ட் டெ பூர். அவரைக் குழுவின் ஆள் என்று சொல்வதா, உதவியவர் என்பதா? முப்பது வருடக் குரலின் இடத்தில் நிற்பதும் உதவிதான். ஆம்ஸ்டர்டாம் ஒக்கீ அரங்கத்தில் சம்பளம் இல்லாமல் டிக்கெட் கிழித்து, பீர் ஊற்றி, இரவு ஒரு மணிக்குத் தரை கழுவும் தொண்டர்களே, உங்களுக்கும்.

இவர்கள் எந்த விற்பனைப் பட்டியலின் உச்சியிலும் உட்கார்ந்ததில்லை. வளர்ச்சி என்று நான் சொல்வது வோர்மர் ஆலையிலிருந்து அடிஸ் அபாபா மேடைவரை போன தூரத்தை. அந்தத் தூரத்துக்கு வழி போட்டவர்கள் நீங்கள்.

நன்றியுடன்,
தூரத்து ரசிகன் ஒருவன்

பின்குறிப்பு, தமிழில் இதைப் படிப்பவர்களுக்கு: புதிதாகக் கேட்க விரும்பினால் முதல் ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். 'ஸ்கிராப்ளிங் அட் தி லாக்' கேளுங்கள், பிறகு 'மோவா அன்பெஸா'. பிடித்துப்போனால் 'டர்ன்'. அட்டை கையில் கிடைத்தால் பின்பக்கத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.