ஊற்றுக்கு மேலே இருக்கும் மலக்குழியை அகற்றித் தாருங்கள்

நகரசபைத் தலைவர், செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி ஆகியோருக்கு,

வணக்கம்.

நகர எல்லைக்குள் இருக்கும் எங்கள் மேட்டு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இந்த மழைக்கும் வயிற்றோட்டம். கொதித்தாறிய நீரைக் குடிக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் கொடுத்தீர்கள். நல்லது. ஆனால் காரணம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நீர் வரும் ஊற்றுக்கு நேர் மேலே, 30 அடி தூரம்கூட இல்லாமல் மலக்குழி இருக்கிறது. அடியில் சீமெந்து இல்லை, சுற்றிவரக் கருங்கல் அடுக்கியதுதான். வெயில் காலத்தில் கழிவை மண் உறிஞ்சிக்கொள்ளும். மூன்று நாள் அடைமழை பெய்தால் மண் ஊறிவிடும், குழி பொங்கும், கழிவு சரிவோடு இறங்கி ஊற்றில் சேரும். அந்தக் குழியை அகற்றித் தாருங்கள்.

கொதிக்கவைப்பதும் லேசில்லை. 7 பேருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 15 லீற்றராவது வேண்டும். ஈர விறகில், 10 அடிக்கு 12 அடி லய அறையான காம்பராவுக்குள்தான் அடுப்பு. புகை போக வழியில்லை. கைக்குழந்தையும் இருமல்காரரும் படுப்பது அதே இடத்தில். அனர்த்த முகாமிலேயே ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் வேண்டுமென்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு காம்பராவுக்கு 3 பேர்தான். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. இங்கே 60 பேருக்கு மேல், 2 கழிப்பறை.

தாங்கிக்கு குளோரின் போடுவதும் முறையாக நடக்கவில்லை. 1000 லீற்றருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 7 கிராம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கெட்டைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த பவுடரில் வீரியம் இருக்காது. கலங்கல் தண்ணீரில் குளோரினைச் சேறே தின்றுவிடும். அதனால்தான் முதலில் குழியைக் கேட்கிறோம்.

தோட்டத்தின் பொறுப்பு என்று நீங்களும், நகரசபையின் பொறுப்பு என்று தோட்ட நிர்வாகமும் கைவிரித்தால் நாங்கள் எங்கே போவது? தோட்டங்களுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவே 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நகரசபைக்கு இன்னும் என்ன தடை?

மே கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கும். குழியை அதற்கு முன்பே கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டியால் இறைத்துவிட வேண்டும்; மழை தொடங்கினால் இறைக்க இறைக்க ஊற்றெடுக்கும். பிறகு ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, 50 அடிக்குக் குறையாமல் தள்ளி, அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்ட வேண்டும். மண் வெட்டவும் கல் சுமக்கவும் லயத்து ஆட்கள் தயார். சீமெந்தும் மேசனும் பவுசரும் நீங்கள் தர வேண்டும். வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறிவிக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேட்டு லயக் குடியிருப்பாளர்கள்