வேனுக்கு இன்னும் 14,000 வெள்ளி வேணும், கொஞ்சம் கை கொடுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கமிட்டில இருந்து எழுதுறோம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வேன் வாங்கப் பணம் சேர்க்கிறோம். தீபாவளி கழிச்சு நடந்தது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும், மூணு வயசுப் புள்ள எதையோ முழுங்கிட்டு எச்சில் வடிய உக்காந்திருக்கு, 20 காசுதான் போயிருக்கும், வாழைப்பழம் கொடுத்தா இறங்கிடும்னு ஆளாளுக்கு சொல்லிக்கிட்டே நின்னோம் (நானும்தான்), கார் வெச்சிருக்கவங்க எல்லாம் வேலைக்குப் போயாச்சு, கடைசில செம்பனைப் பழம் ஏத்துற லோரில தூக்கிட்டுப் போனோம்.

எக்ஸ்ரேல காசு மாதிரியே வட்டமாதான் தெரிஞ்சுச்சு. ஆனா ஓரத்துல உள்ளுக்குள்ள இன்னொரு வளையம், பக்கவாட்டுல எடுத்த படத்துல படிக்கட்டு மாதிரி சின்ன மேடு. காசுக்கு அப்படி இருக்காது, இது பட்டன் பேட்டரி, ரிமோட்ல போடுற வட்ட பேட்டரின்னுட்டாரு டாக்டர். நம்ம 20 காசும் பட்டன் பேட்டரில பெரிய சைஸும் ரெண்டுமே 20 மில்லிமீட்டர் கிட்டதான், கண்ணால பார்த்தவங்களே ஏமாந்துடுவாங்க. உணவுக்குழாய்ல மாட்டுச்சுன்னா அந்த ஈரத்துல கரண்ட் ஓடி சதையை அரிக்கிற காரம் உண்டாகும், 2 மணி நேரத்துலயே சதை வெந்துடும், பேட்டரி ஒழுகணும்னு கூட இல்ல. புள்ள இப்ப நல்லா ஓடியாடுது, சாமி புண்ணியம்.

அப்ப கிளினிக்குக்கே எக்ஸ்ரே மெஷின் வாங்கிக் கொடுத்துடலாமேன்னு கூட்டத்துல கேட்டாங்க. லைசென்ஸ் வேணும், ஈயம் வெச்ச ரூம் வேணும், படம் எடுக்கப் படிச்ச ஆளு வேணும், அதெல்லாம் இருந்தாலும் ஸ்கோப் (வாய் வழியா விடுற கேமரா குழாய்) விட்டு வெளிய எடுக்க பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். நமக்கு இல்லாதது வண்டி.

இன்னொண்ணு, கச்சான் (வேர்க்கடலை) மூச்சுக்குழாய்க்குள்ள போனா எக்ஸ்ரேல கச்சான் தெரியவே தெரியாது, மூச்சு விடும்போது ஒரு பக்க நுரையீரல்ல மட்டும் காத்து அடைச்சு நிக்குதான்னு பார்ப்பாங்க, சில நேரம் படம் சுத்தமா நல்லாவே இருக்கும். அதனால ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு வந்தும் இருமல் விடலன்னா மறுபடியும் போகணும், அதுக்கும் வண்டிதான்.

செகண்ட் ஹேண்ட் வேன் 32,000 சொல்றாங்க, இதுவரைக்கும் 18,000 சேர்ந்திருக்கு. வேன்ல தேன் பாட்டில் ஒண்ணும் இருக்கும், சிரிக்காதீங்க, சதை வேகுறதைக் கொஞ்சம் மெதுவாக்கும், பேட்டரின்னு தெரிஞ்சா ஒரு வயசு தாண்டின புள்ளைக்கு முழுங்க முடிஞ்சா போற வழியிலயே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் கொடுக்கலாம், ஆனா தேன் தேடிக்கிட்டு கிளம்பாம நிக்கக் கூடாது. வாழைப்பழம், சோத்து உருண்டை, வாய்ல விரல் விடுறது எதுவும் வேணாம்.

அஞ்சு வெள்ளின்னாலும் பரவால்ல. ஞாயித்துக்கிழமை காலைல கோயில் மண்டபத்துல மேசை போட்டிருப்போம், ரசீது வாங்காம யார் கையிலயும் காசு கொடுக்காதீங்க, கமிட்டி ஆளா இருந்தாலும் சரி.