சென்னையின் ஆர்ட் டெகோ, நவீன பாணிக் கட்டடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற முதுநிலை வரைதொழில் அலுவலர்,
தியாகராய நகர், சென்னை – 600 017.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: 1930 முதல் 1970-கள் வரை எழுந்த கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உயர் நீதிமன்றம் (1892), எழும்பூர் ரயில் நிலையம் (1908), ரிப்பன் மாளிகை (1913) ஆகியவற்றின் அருமையை ஊரே அறியும். அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க முயன்றபோது, 2010-இல் உயர் நீதிமன்றமே தடுத்து நிறுத்தியது. 2012 ஜனவரியில் எரிந்துபோன சேப்பாக்கம் கலஸ் மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே அமர்கிறது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் செங்கல் கோபுரமும் குவிமாடமும் இருந்தால்தான் பாரம்பரியம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அதற்குப் பின் வந்த ஆர்ட் டெகோ (வளைவுகளும் வடிவியல் அலங்காரங்களும் கொண்ட, 1930-களில் பரவிய பாணி), நவீன பாணிக் கட்டடங்கள் கேட்பாரற்று நிற்கின்றன. பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸைப் பாருங்கள். 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அன்று இந்தியாவிலேயே உயரமானது. ஊரிலிருந்து ஒருவர் மெட்ராஸ் வந்திறங்கியதைக் காட்ட நம் சினிமாவுக்கு அந்த ஒரு கட்டடமே போதுமாக இருந்தது. மாறாக, 1952 பொதுத்தேர்தலுக்குப் பின் சட்டமன்றம் கூடிய மண்டபம், பின்னாளில் கலைவாணர் அரங்கமாக இருந்தது, இன்று இல்லை. அதே பெயரில் வேறு கட்டடம் நிற்கிறது.

பெரிய கட்டடங்களுக்காவது பெயர் இருக்கிறது. என் கவலையெல்லாம் தியாகராய நகர், மயிலாப்பூர் தெருக்களில் உள்ள பழைய வீடுகளைப் பற்றியது. மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, மாடிப்படியை ஒட்டி நெட்டாக இறங்கும் கண்ணாடிச் சன்னல், உதயசூரியன் வடிவ கிரில், மொசைக் தரை. அந்த வளைந்த சன்ஷேடின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டுகிறேன். ஓரத்தில் விரற்கடை அகலத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். மழைநீர் சுவருக்கு வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். வளைவு நெடுகப் பலகை அடித்து, கோடு பிசகாமல் கான்கிரீட் போட்ட கொத்தனாரும் தச்சரும் எப்பேர்ப்பட்ட கைகாரர்கள்! வரைபலகையில் காலமெல்லாம் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை வரைவதே கடினம். இன்று அந்தக் கோட்டை விட்டுவிட்டுக் கட்டிய எத்தனையோ அடுக்குமாடிகளின் சுவரில் கறுப்புக் கறை இறங்குவதைப் பார்க்கிறோம்.

மும்பையின் ஆர்ட் டெகோ கட்டடங்கள், அங்குள்ள விக்டோரியா காலக் கட்டடங்களோடு சேர்ந்து 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நம்மிடமும் அதே காலத்துச் செல்வம் உண்டு. நாம் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, வட்டம் வட்டமாக இக்கட்டடங்களைக் கணக்கெடுத்து, தகுதியுள்ளவற்றைப் பட்டியலில் சேர்க்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். இடிப்பு அனுமதி மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளதை அறிவேன். அத்தகைய விண்ணப்பம் வரும்போது தங்கள் அலுவலகத்தின் கருத்தைக் கேட்கும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். காப்பாற்றவே முடியாத வீடாக இருந்தாலும் அளவு வரைபடமும் புகைப்படமும் எடுத்த பிறகே கடப்பாரை விழ வேண்டும். வீட்டுக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நில விலை அப்படி. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேறு வழியும் தெரிவதில்லை. காப்பாற்ற முன்வருவோருக்குச் சொத்து வரிச் சலுகையோ, வளர்ச்சி உரிமையை (அந்த மனையில் கட்டாமல் விட்ட பரப்பைக் கட்டும் உரிமையை) வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்போ கிடைத்தால்தான் அவர்கள் மனம் மாறுவார்கள்.

முதற்கட்டமாகத் தியாகராய நகரில் கணக்கெடுப்பு தொடங்கினால், அளவெடுக்கவும் வரைபடம் தயாரிக்கவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன். தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இடம்: சென்னை