ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடையில் பார்த்த பெரியவருக்கு

போன மாதம் பெரிய மாமா இறந்தபின் அவர் டிரங்குப் பெட்டியில் வெப்ளி ரிவால்வர் ஒன்று கிடைத்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தது. மெருகேற்ற நேரமில்லாமல் செய்தது என்பதைச் சொல்ல, இரும்பிலேயே ‘வார் ஃபினிஷ்’ என்று முத்திரை. பர்மா போர்முனைக்குப் போய்வந்த தாத்தாவின் நினைவாக மாமா உரிமத்தோடு வைத்திருந்தார்.

அதைத் துணிப்பையில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸிலேயே இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோக இருந்தேன். உரிமத்தை நகலெடுக்கும்போது பக்கத்தில் நின்ற நீங்கள், “தம்பி, பொருள் எங்கே?” என்று மெதுவாகக் கேட்டீர்கள். பையைக் காட்டினேன். உங்கள் முகம் மாறியது.

உரிமம் மாமாவோடு முடிந்தது, வாரிசானாலும் நான் வைத்திருந்தால் குற்றம், 1959 ஆயுதச் சட்டப்படி உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அப்புறம் கூடவே வந்தீர்கள். அதிகாரி முன்னால் ரிவால்வரின் தாழ்ப்பாளை அழுத்தியதும் குழல் மடங்கித் திறந்தது. குண்டு போடும் ஆறு அறைகளும் காலி. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஒப்படைப்புக் கடிதத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தீர்கள். ரசீது வாங்காமல் நகரவிடவில்லை. வாரிசு சான்றிதழோடு என் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன்.

பழைய ராணுவக்காரர் என்பது தவிர உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி ஐயா.