கொஞ்சம் காலாற நடந்துட்டு வா தம்பி

தம்பி,

நேத்து போன எடுத்து "சொல்லும்மா"ன்னு கேட்ட, அதுக்கு மேல ஒரு வார்த்தை உன்கிட்ட இருந்து வரல. நானே ரெண்டு மூணு ஊர்க்கதை சொல்லிட்டு நானே வச்சிட்டேன். போன்ல கேட்டா உனக்கு எரிச்சலா இருக்கு, அதான் எழுதுறேன், எப்ப முடியுதோ அப்ப படிச்சுக்க. பெருசா ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆனா வீட்டப் பூட்டிட்டு கொஞ்சம் காலாற நடந்துட்டு வா. அம்புட்டுதான் விஷயம்.

நான் இங்க மதுரையில தெனமும் காலையில நடக்குறேன்டா. சுகருக்காகத்தான் ஆரம்பிச்சது, இப்ப ஒரு நாள் போகலேன்னாலும் அன்னைக்கு பூரா என்னமோ மாதிரி இருக்கு. அஞ்சரைக்கு கதவத் தொறந்தா சந்துல பால் வண்டி, மாடி வீட்டு அத்தை கோலம், அப்படியே விளக்குத்தூண் வந்தா பருத்திப்பால் வண்டி. உனக்கு ஞாபகம் இருக்கும், கரண்டிய விட்டு அடியில இருந்து கிண்டிக்கிட்டே இருப்பாரு, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேந்து அந்த ஆவி மூஞ்சில அடிக்கும், கிளாஸ்ல ஊத்தி மேல துருவுன தேங்காய ஒரு பிடி தூவிக் குடுப்பாரு. குடிச்சு முடிச்சா கொஞ்சம் தேங்கா அடியில தங்கிரும், அத விரல விட்டு வழிச்சுத் திங்கத்தான் நீ தூக்கக் கலக்கத்தோட என் கூடவே வருவ. இப்ப நான் பாதி கிளாஸ்தான் குடிக்கிறேன், அக்காட்ட சொல்லிராத.

அங்கிருந்து கீழமாசி வீதி. கடை தொறக்கும் முன்னாடியே லாரியில இருந்து மூட்டை எறங்கிக்கிட்டு இருக்கும், வத்தல் நெடியும் மல்லி வாசமும் கலந்து தும்மல் வராம ஒரு நாளும் தாண்டுனதில்ல. லோடு ஏத்துற பையன்க "ஓரமா வாங்கம்மா"ன்னு வழி விடுவாங்க, எல்லாம் உன் வயசுப் பசங்க, ஒருத்தன் சிரிச்சா அச்சு அசல் உன்ன மாதிரியே இருப்பான். தேர்முட்டி தாண்டி அம்மன் சன்னதி வழியா சித்திரை வீதிக்குள்ள நொழைஞ்சா வண்டி கிடையாது, ஹாரன் கிடையாது, நாலு வீதியும் நிம்மதியா ஒரு சுத்து வரலாம். தெக்கு கோபுரத்துக்கிட்ட வந்தா அண்ணாந்து பாக்காம நகர முடியல. நாலுலயும் அதுதான் உசரம்னு ஸ்கூல்ல எவன்கூடவோ பந்தயம் கட்டி பம்பரம் ஜெயிச்சிட்டு வந்தியே.

கோயிலுக்கு உள்ள இப்ப போறதில்ல. 2018ல வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் போன் உள்ள விடுறதில்லையா, வெளிய குடுத்துட்டுப் போகணும். நான் உள்ள இருக்குற நேரமாப் பாத்து நீ கூப்பிட்டுட்டா? வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்துடுறேன், மீனாட்சிக்குத் தெரியும்.

பெரியத்தை வீட்டு விசேஷம் தை மாசம் வச்சிருக்காங்க, அத அப்புறம் சொல்றேன்.

நான் சொல்ல வந்தது உன் ஏரியாவப் பத்தி. பெங்களூர் மல்லேஸ்வரத்துல வீடு எடுத்து எம்புட்டு நாளாச்சு? நான் வந்து தங்கியிருந்தப்ப நீ ஹெட்போன மாட்டிக்கிட்டு மீட்டிங்னு உள்ள உக்காந்திருந்த. நான் சும்மா எறங்கி நடந்தேன். எட்டாவது கிராஸ் மார்க்கெட்ல பூக்காரம்மாட்ட தமிழ்ல விலை கேட்டேன், தமிழ்லயே பதில் சொல்லுச்சு, மதுரைன்னதும் மல்லிப்பூ அங்க என்ன விலைன்னு விசாரிச்சுச்சு. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். எதுத்தாப்ல நந்தி தீர்த்தம், நந்தி வாயில இருந்து தண்ணி கீழ லிங்கத்து மேல விழுந்துக்கிட்டே இருக்கு, கிட்டக்க நின்னா அந்தச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. 1997ல தோண்டி எடுக்குற வரைக்கும் அது மண்ணு மூடிக் கெடந்துச்சாம். மறுநாள் சாங்கி ஏரி. 1882ல கட்டுனது, சுத்தி அழகா பாதை போட்டு வச்சிருக்காங்க, என் வயசு ஆளுங்க கூட்டம் கூட்டமா பேசிக்கிட்டே நடக்குறாங்க. திரும்பி வந்து உன்கிட்ட சொன்னா, "அப்படியாம்மா, நான் போனதே இல்ல"ன்ற. உன் வீட்டுல இருந்து நடந்து போற தூரம்டா! கோயில் பக்கம் கண்ணக் கட்டி எந்தச் சந்துல விட்டாலும் வீடு வந்து சேந்த புள்ள நீ. எனக்கு மனசு கேக்கல.

காய்கறியும் போன்ல, சாப்பாடும் போன்ல, சோப்பும் போன்ல. ஆள் முகத்த எப்பதான் பாப்ப? கீழ எறங்கி நாலு தக்காளி நீயே பொறுக்கி வாங்கு. அந்தப் பூக்காரம்மாட்ட ஒரு முழம் வாங்கி சாமி படத்துக்குப் போடு. நடக்குறதுக்கு நேரமில்லன்னு மட்டும் சொல்லாத.

நேரம் இருக்கும்னுதான் நினைக்கிறேன். அங்க பரண்ல பழைய பாய் இருக்கான்னு தேடுனப்ப உன் ஆபீஸ் பை இருந்துச்சு, கழுத்துல மாட்டுற அந்த அட்டையும் அதுக்குள்ளயே கெடந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. இப்பவும் கேக்கல. வீட்டுல இருந்தே வேலைன்னு நீ சொன்னா அது சரிதான். சந்துல யாரு கேட்டாலும் "அவனுக்கு லீவு கிடைக்கலங்க"ன்னு சொல்லிடுறேன். அக்கா கல்யாணக் கடன தனி ஆளா அடைச்ச புள்ளயப் பத்தி எவனும் எதுவும் பேசிற முடியாது.

அப்பாவும் எதுவும் கேக்குறதில்ல. ஆனா நான் உன்கிட்ட போன் பேச ஆரம்பிச்சா டிவி சவுண்ட கொறைச்சிடுறாரு. வச்சதும் மறுபடி கூட்டிக்கிறாரு. நேத்து கூட்டவே இல்ல, அப்படியே ஊமைப் படமா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

முட்டி வலியால அவரு நடக்க வர்றதில்ல. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை உன்னக் கூட்டிக்கிட்டு மாசி வீதி நாலையும் சுத்துவாரே. விளக்குத்தூண்ல நின்னா பிளாக்பர்ன் கலெக்டர் கோட்டைய இடிச்சு அகழிய மூடுன கதை, மேலமாசி வீதி வந்தா 1921 செப்டம்பர்ல காந்தி அந்த வீட்டுல தங்கியிருந்தப்பதான் அரைவேட்டிக்கு மாறினாருன்னு அந்தக் கதை, அங்க கீழ கதர்க்கடையில உனக்கு ஒரு கைக்குட்டை. கடைசியில பத்துத்தூண் சந்து. ஜவுளிக்கடைங்களுக்கு நடுவுல அந்த நாயக்கர் காலத்துக் கல்தூணக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கையும் சேருதான்னு பாப்ப, நீயும் அக்காவும் சேந்து கட்டினாலும் சேராது. வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் தூசி, நான் வைவேன். நடந்துட்டு வந்த அன்னைக்கெல்லாம் நீ ரெண்டு தோசை கூட சாப்பிடுவ, படுத்ததும் தூங்கிருவ. இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு காட்டுது. நானும் முழிச்சிருக்கேன்ல, அதான் தெரியுது.

அதனாலதான் சொல்றேன், நட. ஏரிய ஒரு சுத்து சுத்து, போதும். நடக்கும்போது காதுல எதையும் மாட்டாத. வழியில யாராச்சும் சிரிச்சா நீயும் சிரி. அங்க பிடிக்கலேன்னா இங்க வந்து நட, வந்தே பாரத்ல மதியம் ஏறினா ராத்திரி படுக்க வீட்டுக்கு வந்திரலாம். எம்புட்டு நாள் வேணும்னாலும் இரு. யாரும் எதுவும் கேக்க மாட்டோம், அப்பாட்டயும் சொல்லி வச்சிட்டேன்.

உன் அக்கவுண்ட்ல இருபதாயிரம் போட்டிருக்கேன். நடக்குறதுக்கு நல்ல ஷூவா ஒண்ணு வாங்கிக்க. ஷூவுக்கு எதுக்கும்மா இவ்வளவுன்னு கேக்காத, திருப்பியும் அனுப்பாத. மிச்சம் உன்கிட்டயே இருக்கட்டும். வாங்கிட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு.

அம்மா