அரிசிம்பருப்பு சாம்பார் சாதம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கோவை டவுன்ஹால் பகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். அரிசியும் பருப்பும் சாதத்தைக் கொங்கு நாட்டுச் சாம்பார் சாதம் என்று ஒரே வரியில் முடித்திருந்த இடம் வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வீதிகளில் விசேஷச் சமையல் செய்துவருபவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சாம்பார் சாதத்துக்குப் புளி வேண்டும், பொடி வேண்டும், காய் வேண்டும். அரிசிம்பருப்புக்கு இந்த மூன்றும் கிடையாது. மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, இரண்டு கை நிறையச் சின்ன வெங்காயத்தைப் போட்டு வதக்குவது. வெங்காயத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் சோறு சப்பென்று ஆகிவிடும். பிறகு தக்காளி இரண்டு, மஞ்சள்தூள், உப்பு. புழுங்கல் அரிசிக்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர்; பச்சரிசிக்கு ஒரு டம்ளர் குறைக்கலாம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியும் பருப்பும் உள்ளே போக வேண்டும். குக்கரில் மூன்று விசில். ஆவி அடங்கியதும் நெய். பருப்பு மலர்ந்திருக்க வேண்டும், கரைந்திருக்கக் கூடாது. வட்டலில் போட்டால் சோறு குவியலாக நிற்காமல் மெல்லத் தளர்ந்து பரவ வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இதெல்லாம் தானாக அமையும். போர் போட்ட உப்புத் தண்ணீரில் வைத்தால் அரிசி குழைந்துபோகும், பருப்பு மட்டும் வேகாமல் பல்லில் தட்டும்.

உங்கள் செய்தியாளர் பொய் எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சாப்பிட்ட தட்டில் புளி இருந்திருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சோறு இறக்கி ஒரு மணி நேரம் தாண்டினால் இறுகிவிடும். பருப்பு, இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். காலை பத்தரைக்கே ஆக்கி ஹாட்பாக்ஸில் அடைத்து வைக்கும் ஓட்டலில், இரண்டு மணிக்கு வருகிறவருக்கு அதைத் தளர்த்திப் போட வேண்டும். கொதிக்கிற வெந்நீர் ஒரு கரண்டியும் நெய்யும் விட்டுக் கிளறினால் போதும். அதற்குச் சோம்பி, பக்கத்தில் இருக்கிற சாம்பாரை ஊற்றிக் கிளறிவிடுகிறார்கள். அதைச் சாப்பிட்டவர் சாம்பார் சாதம் என்றுதான் எழுதுவார். பன்னிரண்டரை மணிக்குள் போய் உட்கார்ந்து, தயிரும் அப்பளமும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டிருந்தால் அந்த வரியே வந்திருக்காது.

இது முதல் தடவை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன பொங்கல் மலரில் சந்தகையை இடியாப்பத்தின் இன்னொரு பெயர் என்று போட்டீர்கள். அப்போதே எழுத நினைத்து விட்டுவிட்டேன். இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்த பிறகு வேகவைக்கிறோம். சந்தகைக்கு வேகவைத்த பிறகு பிழிகிறோம். புழுங்கல் அரிசியை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, சூடு ஆறும் முன் ஒவ்வொன்றாக அச்சில் போட்டு அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் அச்சில் இறங்காது. கட்டை அசையாமல் நிற்கும், தோள்தான் வலிக்கும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் ஓட்டல்களில் சந்தகை அபூர்வம். அந்த உழைப்புக்குள்ள பெயரையாவது சரியாகப் போட வேண்டாமா?

பள்ளிபாளையம் சிக்கன் படத்துக்கும் இதையே சொல்வேன். சின்ன வெங்காயம், விதை உதறிக் கிள்ளிப்போட்ட வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான் அது. நீங்கள் போட்ட படத்தில் இருந்தது கலர்ப் பொடியும் சோள மாவும். சாயங்காலத் தள்ளுவண்டிக் காளானைப் பற்றி எழுதினீர்கள், அதில் பெரும்பங்கு முட்டைகோஸும் மைதாவும் என்று சொல்லவில்லை. வெளியூர்க்காரர் காளான் என்று நம்பித்தானே வாங்குவார்?

பார்க்க வேண்டிய இடங்களிலும் நேரம்தான் கெட்டிருக்கிறது. கட்டுரையோடு நீங்கள் போட்ட வரைபடத்தில் சுற்றிப்பார்க்கும் நடைப்பயணம் பதினொன்றரைக்குத் தொடங்குகிறது. கோனியம்மன் கோயிலுக்கும் பேட்டை ஈசுவரன் கோயிலுக்கும் போவதற்குள் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலை நாலு மணிக்கு மேல்தான். வெள்ளிக்கிழமை என்றால் அதே வேளையில் ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசலில் ஜும்மா. வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. காலை ஆறரைக்குக் கோனியம்மனில் ஆரம்பித்து, டவுன்ஹால், பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம், பள்ளிவாசல், கோட்டைமேடு, கோட்டை ஈசுவரன் கோயில் என்று தெற்கே இறங்கி உக்கடம் பெரியகுளக் கரையில் முடித்தால் வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடலாம். காரில் போனால் ஒப்பணக்கார வீதியில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

கோட்டை ஈசுவரன், பேட்டை ஈசுவரன் என்ற இரண்டு பெயர்களிலேயே இந்த ஊரின் பழைய அமைப்பு முழுக்க இருக்கிறது. கோட்டைக்குள் ஒரு ஊர், வெளியே வியாபாரப் பேட்டை ஒரு ஊர். 1791-ல் திப்புவின் படை முற்றுகையிட்ட கோட்டை இன்று இல்லை, மேட்டின் பெயர் மட்டும் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் கோட்டைமேடு பிரியாணிக்காக மட்டுமே வருகிறது. வெரைட்டி ஹால் ரோட்டில் செருப்பு வாங்கலாம் என்று எழுதியவர், 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் இங்கே தொடங்கிய சினிமா கொட்டகையின் பெயர்தான் அது என்று அரை வரி சேர்த்திருக்கலாம். டவுன்ஹால் என்று நாங்கள் சொல்லும் விக்டோரியா ஹாலைப் பழங்கால அரண்மனை போன்ற கட்டடம் என்கிறார். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாக எழுப்பி 1892-ல் முடித்தது. இன்று மாநகராட்சி மாமன்றம் கூடும் இடம். அதைக் கட்ட முன்னின்றவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. அவர் பத்திரிகை நடத்தியவர் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. இந்த வீதிகளுக்கு நடந்து வருகிற பெண்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். ஜவுளி எடுக்க வந்து ஒப்பணக்கார வீதியில் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்காமலே நிற்கிற அம்மணிகளைத் தினமும் பார்க்கிறேன். வயதானவர்கள் உட்கார ஒரு திண்ணை மிச்சமில்லை. படம் போட்ட இரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தால் மாநகராட்சியின் கண்ணிலும் பட்டிருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில் அரிசிம்பருப்புக்குப் புளி கிடையாது என்று இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அந்த வரைபடத்தை மறுபடி வெளியிட்டால், ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் நடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் கேட்டு எழுதிப் போடுங்கள். செய்தியாளர் மறுபடி வருவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். சுடச்சுட இறக்கிப் போடுகிற இடத்தை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செல்வபுரம், கோவை.